உலக்கையும் தாதும்

பூவின் நடுவே நிற்கும் சூலகத்தை இங்கிலீஷில் பிஸ்டில் என்கிறார்கள். கல்லூரியில் முதன்முதலாக அந்தச் சொல்லைக் கேட்கிற பையன், அதற்குள் பெரிய சாஸ்திரம் ஏதோ அடங்கியிருக்கிறது என்று மிரள்கிறான். ஒன்றும் இல்லை. லத்தீனில் அதற்கு அர்த்தம் உலக்கை. பார்த்தவன் கண்ணுக்கு உலக்கையாகத் தெரிந்தது. உலக்கை என்று சொல்லிவிட்டான். அதைச் சுற்றி நிற்கும் தாள்களுக்கு ஸ்டேமன் என்று பெயர். அது தறியில் ஓடும் பாவு நூல். போலன் என்பது சன்னமான மாவு. இதழ்கள் சேர்ந்த வட்டம் கரோலா, அதாவது சின்ன மாலை. எல்லாம் அடுப்பங்கரையிலும் தறிக்குழியிலும் புழங்கிய சொற்கள்!

பெயர் வைத்தவர்களுக்கு உறுப்பின் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. உலக்கைப் பெயரைப் பரப்பிய பிரெஞ்சுக்காரர் தூர்னஃபோர், பாவு நூல்களைச் செடியின் கழிவை வெளியே தள்ளும் உறுப்புகள் என்றே நம்பினார். அவருடைய தாவர நூல் 1694இல் வெளிவந்தது. அதே வருஷம் ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்துக் கமெராரியஸ் என்ற வைத்தியர் ஒரு கடிதம் எழுதி வெளியிட்டார். ஆமணக்கில் ஆண் பூக்களை விரியுமுன்பே கிள்ளி எறிந்தாராம், விதை பிடிக்கவில்லை. மக்காச்சோளக் கதிரின் பட்டுக் குஞ்சத்தை நறுக்கினார், மணி கட்டவில்லை. பூவில் ஆணும் பெண்ணும் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பிறகும் உலக்கை உலக்கையாகவே இருந்தது. பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை.

நம் பக்கம் வந்தால், சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தொல்காப்பிய மரபியல், வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரித்து, இரண்டுக்கும் உறுப்புப் பெயர்களைத் தனித்தனியே சொல்கிறது. பூவின் புறவிதழைப் புல்லி என்றும் அகவிதழை அல்லி என்றும் நிகண்டுகள் வேறு பிரித்து வைத்திருக்கின்றன. பிஞ்சிலே மாவுக்கு வடு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல். இத்தனையும் வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டோம்.

1916இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் சாஸ்திரப் பரிபாஷைச் சங்கம் அமைத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசாங்கம் குழு அமைத்ததும், வடசொல் வந்து குவியும் என்று தமிழறிஞர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். வீட்டுச் சொல் சாஸ்திரத்துக்குக் கௌரவமாகாது என்ற எண்ணம் படித்தவர்களிடம் அந்த நாளில் ஆழமாகவே இருந்தது. லத்தீன்காரனின் உலக்கை மட்டும் கௌரவமோ!

இதில் ஒரு வேடிக்கை. மகரந்தம் என்ற வடசொல்லுக்கு முதல் பொருள் பூவின் தேன். நாமோ பூந்தூளுக்கு அதைச் சூட்டினோம். தூளைக் குறிக்கத் தாது என்ற சொல் சங்கப் பாட்டுக் காலத்திலிருந்தே கையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டிருந்தால், தேனுக்கு ஒன்று தூளுக்கு ஒன்று என்று சொல் பிரிந்து நின்றிருக்கும். மாணவனுக்கும் குழப்பம் இராது. ஆனால் பள்ளிப் புத்தகத்தில் மகரந்தச் சேர்க்கை வேரூன்றிவிட்டது. இனி அசைக்க முடியாது. அதே பக்கத்தில் இரண்டு வரி தள்ளி, நிகண்டிலிருந்து நேரே இறங்கி வந்த புல்லிவட்டமும் அல்லிவட்டமும் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கின்றன.