ஒரு கிலோ எடை



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். பிற்பகலில், கடைசி மணி நேரத்தில், பிள்ளைகளின் கண்கள் சொருகத் தொடங்கும்போது அவர்களை எழுப்புவதற்கென்றே ஒவ்வோர் ஆசிரியரும் சில கதைகளைக் கைவசம் வைத்திருப்பார். என்னிடமும் ஒன்று இருந்தது. அது ஒரு பந்தயக் காரின் கதை.

1934-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் ஜெர்மனியில் நியூர்பர்க்ரிங் என்னும் பாதையில் ஐஃபெல் பந்தயம் நடைபெற்றது. கிராண்ட் பிரீ கார் எதுவும் 750 கிலோவுக்கு மேல் இருத்தலாகாது என்னும் புதிய விதி அவ்வாண்டில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. பந்தயத்துக்கு முதல்நாள் மெர்சிடிஸ்-பென்ஸ் குழுவினர் தம் புதுக் காரைத் தராசில் ஏற்றினர். முள் 751-இல் போய் நின்றது. ஒரே ஒரு கிலோ அதிகம்! கழற்றக்கூடியவை அனைத்தையும் முன்பே கழற்றியாயிற்று. குழுத் தலைவர் ஆல்ஃபிரட் நாய்பவர் திகைத்து நின்றார். அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. ஜெர்மன் கார்களுக்குரிய வெள்ளை வண்ணம் அக்காரின் மேல் பூசப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் இரவு முழுவதும் உட்கார்ந்து அவ்வண்ணத்தைச் சுரண்டினர். விடிந்ததும் தராசு 750 காட்டிற்று. வெறும் அலுமினியத் தகடு வெள்ளி போல் மின்ன, அந்தக் கார் ஓடி வென்றது. 'வெள்ளி அம்புகள்' என்ற பெயர் அன்று பிறந்தது.

இக்கதையை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. ஒருநாள் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, காருக்கு அடித்த பெயிண்ட் ஒரு கிலோ இருக்குமா? இந்தக் கதையை முதலில் யார் சொன்னது?" என்று கேட்டான். அவன் தந்தையார் லாரிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறை வைத்திருந்தவர். முதற் கேள்விக்கு மறுநாள் அவனே விடை கொண்டுவந்தான். "பட்டி பார்த்து, அதற்கு மேல் பெயிண்ட் அடித்தால் ஒரு கிலோ என்ன, அதற்கு மேலும் இருக்கும் என்று அப்பா சொன்னார் ஐயா." இரண்டாம் கேள்விக்கு விடை தேட வேண்டியவன் நான். அது என் தொழில் அல்லவா? வரலாற்றாசிரியன் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வண்ணக்காரர் மகன் கேட்கும்படி ஆயிற்றே என்று எனக்குச் சிறிது வெட்கமாகத்தான் இருந்தது.

தேடினேன். கதையைப் பரப்பியவர் நாய்பவரே. அவர் தம் நினைவுக் குறிப்புகளை நூலாக வெளியிட்ட ஆண்டு 1958. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் பழைய செய்தித்தாள்களையும் படங்களையும் புரட்டிப் பார்த்துப் பல ஐயங்களை எழுப்பியுள்ளனர். அவ்வாண்டு ஐஃபெல் பந்தயம் எடை விதிக்கு உட்பட்டே நடக்கவில்லை என்பர். அக்கார் அதற்கு முன்பே வெள்ளி நிறத்தில்தான் இருந்தது என்பர். 1932-இலேயே பெர்லின் நகரத்து ஆவுஸ் பாதையில் வண்ணம் பூசாத மெர்சிடிஸ் கார் ஒன்று ஓடியபோது, வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அதனை வெள்ளி அம்பு என்று வருணித்ததாகவும் கூறுவர். (வானொலியில் பேசுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், நாம் போகிற போக்கில் சொல்வது நிலைத்துவிடுகிறது.) 1933 முதல் நாஜி அரசு இப்பந்தயக் குழுக்களுக்குப் பணம் கொடுத்து, அவற்றின் வெற்றியைத் தன் வெற்றியாகப் பறைசாற்றி வந்ததையும் நாம் மறத்தற்கில்லை. அத்தகைய சூழ்நிலையில் புகழ்க்கதைகள் தாமாகவே செழித்து வளரும்.

அன்று முதல் நான் அக்கதையைச் சொல்லும்போது, 'நாய்பவர் சொல்கிறார்' என்று சேர்த்தே சொல்லி வந்தேன். ஆனால் தேடப் போன இடத்தில் அதைவிடப் பெரிய கதை ஒன்று கிடைத்தது. ஒரே நிறுவனம், பெரும்பாலும் அதே நாய்பவரின் தலைமை, இருபத்துநான்கு ஆண்டுகள். காரின் எடையை அவர்கள் எப்படி எப்படியெல்லாம் குறைத்தார்கள் என்பதும், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுமே அக்கதை.

அது 1931-இல் தொடங்குகிறது. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தாரிடம் எஸ்.எஸ்.கே. என்றொரு விளையாட்டுக் கார் இருந்தது. ஏழு லிட்டர் எஞ்சின், ஆற்றலில் யானை, எடையிலும் யானை. இத்தாலியக் கார்களோ மான் குட்டிகளைப் போல் வளைவுகளில் துள்ளி ஓடின. யானையை இளைக்க வைப்பது எப்படி? அடிச்சட்டத்தின் எஃகு உத்தரங்களில் வரிசை வரிசையாக வட்டத் துளைகளை இட்டனர். பழைய படத்தைப் பார்த்தால் இட்டிலித் தட்டு நினைவுக்கு வரும். இவ்வாறு ஏறத்தாழ 125 கிலோ குறைந்தது. பெயரோடு 'எல்' என்னும் எழுத்து ஒன்று கூடிற்று. ஜெர்மன் மொழியில் இலேசு என்பதைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து அது.

துளையிட்டால் சட்டம் வலுவிழந்து முறியாதா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் அழிப்பானை எடுத்து இரு விரல்களுக்கிடையே வளைத்துப் பாருங்கள். மேற்புறம் நெருங்கிச் சுருங்கும். அடிப்புறம் இழுபட்டு விரியும். நடுப்பகுதி ஏறக்குறைய வாளாவிருக்கும். வளைக்கும் விசையைத் தாங்குபவை மேல் விளிம்பும் கீழ் விளிம்புமே. ஆகவே நடுவிலுள்ள எஃகை ஓரளவு எடுத்துவிட்டாலும் வலு அதிகம் குறைவதில்லை. வேலை செய்யாத உலோகத்தைக் கண்டுபிடித்து வெளியேற்றுவதுதான் இதன் சூட்சுமம். நம் வயலோரத்து மூங்கில் உள்ளே கூடாக இருந்துகொண்டு காற்றுக்கு வளைந்து நிமிர்வதும் இதே கணக்கினால்தான்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ருடால்ஃப் கராச்சியோலா அந்தத் துளைக் காரை ஓட்டிக்கொண்டு மில்லே மிலியா பந்தயத்துக்குச் சென்றார். இத்தாலியின் பொதுச் சாலைகளில் ஆயிரம் மைல் ஓடும் பந்தயம் அது. 16 மணி 10 நிமிடத்தில் முடித்து வென்றார். அப்பந்தயத்தில் வென்ற முதல் வெளிநாட்டவர் அவரே.

அதன் பின் வந்ததுதான் 750 கிலோ விதி. அதன் நோக்கத்தைக் கவனியுங்கள். பந்தயக் கார்களின் வேகம் அச்சமூட்டுவதாக இருந்தது. பெரிய எஞ்சின் கனமானது. எனவே எடைக்கு உச்சவரம்பு கட்டினால் எஞ்சின் சிறுக்கும், வேகம் தணியும் என்று விதி செய்தவர்கள் எண்ணினர். நடந்ததோ நேர்மாறு. பொறியாளர்கள் சட்டத்திலும் சக்கரத்திலும் உடற்கூட்டிலும் எடையைக் குறைத்து, மிச்சம் பிடித்ததை எஞ்சினில் போட்டார்கள். 1934-இல் 350 குதிரைத் திறன் அளவில் இருந்த மெர்சிடிஸ் கிராண்ட் பிரீ கார், அதே விதியின் கீழ் 1937-இல் 600 குதிரைத் திறனை நெருங்கிவிட்டது. வேகத்தைத் தடுக்கப் போட்ட அணை, வேகத்துக்கே கால்வாய் வெட்டிக் கொடுத்தது.

போர் வந்தது, தொழிற்சாலைகள் தரைமட்டமாயின. 1952-இல் அவர்கள் மீண்டும் களத்துக்கு வந்தபோது கையில் பணம் குறைவு. 300 என்னும் பெரிய உல்லாசக் காரின் மூன்று லிட்டர் எஞ்சின்தான் இருந்தது. போட்டியாளர்களின் எஞ்சின்களைவிட அதற்கு ஆற்றல் குறைவு. ஆற்றலைக் கூட்ட வழியில்லாதபோது எடையைக் குறைப்பதன்றி வேறு போக்கு ஏது? பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹௌட் உத்தரங்களை அறவே நீக்கினார். மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு கூடு செய்தார். முக்கோணத்தின் பக்கங்கள் அழுத்தத்தையும் இழுவிசையையும் மட்டுமே தாங்குகின்றன, வளைவதில்லை. அக்கூட்டின் எடை ஏறத்தாழ 50 கிலோ. ஒரு மூட்டை நெல்லைத் தூக்குகிறவன் அதையும் தூக்கிவிடலாம்!

ஆனால் ஓர் இடர். கூட்டின் வலுவுக்காகப் பக்கவாட்டில் குழாய்கள் உயர்ந்து நின்றன. வழக்கமான கதவு வைக்க இடமில்லை. எனவே கூரையில் கீல் வைத்து, பறவையின் சிறகு போல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளை அமைத்தனர். அழகுக்காகச் செய்தது என்றே உலகம் இன்றும் நினைக்கிறது. எடையைக் குறைக்கப் போய் வேறு வழியின்றி வந்த கதவு அது. அவ்வாண்டு மெக்சிகோவில் நடந்த நெடும்பந்தயத்தில் ஒரு பிணந்தின்னிக் கழுகு இக்காரின் முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்து, துணை ஓட்டுநரைக் காயப்படுத்தியது. அதன் பிறகு கண்ணாடிக்கு முன் எஃகுக் கம்பிகளைப் பொருத்தினர். கிராம் கிராமாகக் குறைத்தவர்கள் தாமாகவே எடையைக் கூட்டிக்கொண்ட இடம் அது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

1952-இல் பிரான்சின் லெ மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்திலும் இக்கார் வென்றது. அவ்வெற்றிக்குப் பின்னே ஒரு பிரெஞ்சுக்காரரின் துயரம் இருக்கிறது. பியர் லெவெக் என்பவர் தம் டால்போ காரைத் துணை ஓட்டுநரிடம் கொடுக்க மறுத்து, ஏறத்தாழ 23 மணி நேரம் தனியொருவராக ஓட்டி, முதலிடத்தில் இருந்தார். முடிவு எட்டும் வேளையில் எஞ்சின் உடைந்தது. மெர்சிடிஸ் கார்கள் முதலிரண்டு இடங்களைப் பிடித்தன. அந்த மனிதரின் நெஞ்சுறுதியை நாய்பவர் மறக்கவில்லை. 1955-இல் அவரையே தம் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். லெவெக்குக்கு அப்போது வயது 49.

1955-இன் கார் 300 எஸ்.எல்.ஆர். அதன் உடற்கூடு மெக்னீசியக் கலவைத் தகட்டால் ஆனது. ஒரே பருமன் உள்ள எஃகின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அலுமினியத்தைவிடவும் மூன்றில் ஒரு பங்கு இலேசு. மே முதல் நாள் ஸ்டர்லிங் மாஸ் அதனை மில்லே மிலியாவில் 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் ஓட்டி வென்றார். கராச்சியோலாவின் 16 மணியை நினைத்துப் பாருங்கள்.

ஆறு வாரம் சென்றது. ஜூன் 11, லெ மான், மாலை நேரம். மைக் ஹாதார்ன் ஓட்டிய ஜாகுவார் கார் நிறுத்துமிடத்துக்காக வேகம் தணித்தது. அதில் புதிய தட்டு பிரேக்குகள் இருந்தன, சட்டென்று நின்றுவிடும். பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி கார் அதன் மேல் மோதாதிருக்க இடப்புறம் விலகியது. அதன் பின்னே பாய்ந்து வந்த லெவெக்கின் கார் ஹீலியின் சரிந்த பின்புறத்தின் மேல் ஏறி, ஆகாயத்தில் எழும்பி, மண்கரையில் மோதிற்று. எஞ்சினும் முன் அச்சும் பிய்த்துக்கொண்டு மக்கள் கூட்டத்துக்குள் பறந்தன. லெவெக்கும் பார்வையாளர் எண்பதுக்கும் மேற்பட்டோரும் இறந்தனர்.

எஞ்சிய உடற்கூடு தீப்பற்றியது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மெக்னீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டியபோது கண் கூசும் வெள்ளொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எரிகின்ற மெக்னீசியம் நீரிலுள்ள ஆக்சிஜனையும் பறித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் வெளிப்பட்டு அதுவும் எரியும். தீயணைக்க வந்தவர்கள் நீரை ஊற்றினர். ஊற்ற ஊற்ற நெருப்பு ஓங்கிற்று. நெடுநேரம் அந்தத் தீ அடங்கவில்லை.

விபத்துக்குக் காரணம் காரின் எடைக்குறைவே என்று நான் சொல்லமாட்டேன். அது நேர்மையாகாது. பாதை குறுகலானது; நிறுத்துமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே தடுப்பு இல்லை; பார்வையாளர்களைக் காத்தது ஒரு மண்மேடு மட்டுமே. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கார்களுக்குரிய பாதை அன்று. ஆயினும் தகட்டைத் தேர்ந்தெடுத்தபோது அதன் எடையைக் கணக்கிட்டவர்கள், அது எரியும் விதத்தைக் கணக்கில் கொண்டார்களா என்னும் கேள்வியை நான் ஒவ்வோராண்டும் வகுப்பில் கேட்டிருக்கிறேன். நள்ளிரவு கடந்த பின், முன்னணியில் இருந்த எஞ்சிய கார்களைப் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது மெர்சிடிஸ் குழு. அவ்வாண்டின் இறுதியில் பந்தயங்களை விட்டே விலகிற்று. மீண்டும் அக்களத்துக்குத் திரும்ப முப்பது ஆண்டுகள் ஆயின.

தராசைப் பற்றிய ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. 1961-இல் கிராண்ட் பிரீ கார்களுக்கு வந்த புதிய விதி 450 கிலோ என்றது. ஆனால் அது உச்சவரம்பு அன்று. அதற்குக் குறைந்தால்தான் குற்றம். 1934-இல் கனமான காரைத் தேடிய தராசு, 1961-இல் மிகவும் இலேசான காரைத் தேடிற்று. பொறியாளர்கள் விட்டுவிடுவார்களா? காரில் குறைக்க முடியாததை ஓட்டுநரின் உடம்பில் குறைத்தார்கள். உயரமான ஓட்டுநர்கள் சோற்றைக் குறைத்துக்கொண்டு பந்தயத்துக்கு வந்தார்கள். 2019-இல் அதற்கும் ஒரு விதி பிறந்தது: அப்போது ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து 80 கிலோவாவது இருக்க வேண்டியிருந்தது, குறைந்தால், குறைந்த அளவுக்கு உலோகப் பாரத்தை அவருடைய இருக்கையின் அருகிலேயே பொருத்த வேண்டியிருந்தது. அதன் பின்னர்தான் அவர்கள் வயிறாரச் சாப்பிடத் தொடங்கினார்கள்.