மோனோபோலி: பலகையும் காய்களும்

மோனோபோலி என்ற பலகை ஆட்டத்துக்கு மூலம், அமெரிக்காவில் எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற 'நிலக்கிழார் ஆட்டம்'. சிலர் நிலத்தை வளைத்துப்போட்டு வாடகையில் கொழுப்பதால் விளையும் கேட்டைக் காட்டவே அவர் அதை உருவாக்கினார். அதிலிருந்து பிறந்த ஆட்டத்தில் மற்றவரை ஓட்டாண்டியாக்குவதே வெற்றி என்றானது வேடிக்கைதான்.

கைக்குக் கை மாறிய அந்த ஆட்டத்தில் அட்லாண்டிக் சிட்டியின் தெருப் பெயர்களை ஏற்றியவர்கள் அவ்வூரின் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். சார்லஸ் டாரோ என்பவர் அதைத் தமதென்று பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்க, 1935இல் அது கடைக்கு வந்தது. மேகியின் காப்புரிமையை நிறுவனம் வெறும் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. டாரோ பார்த்துப் படியெடுத்த பலகையில் 'மார்வென் கார்டன்ஸ்' என்ற குடியிருப்பு 'மார்வின்' எனப் பிழையாக இருந்தது; அப்பிழை அப்படியே அச்சாகி நிலைத்துவிட்டது.

தொப்பியும் மீசையுமாகத் திரியும் பணக்காரக் கிழவர் 1936இல் ஆட்டத்தின் அட்டைகளில் தலைகாட்டினார். அவர் ஒற்றைக்கண் கண்ணாடி அணிந்தவர் என்று பலர் சாதிப்பார்கள்; ஆனால் அவர் அணிவதில்லை.

உலோகக் காய்களில் இஸ்திரிப்பெட்டி, விரலுறை, பழைய பூட்ஸ் எனப் புழங்குபொருள்களே முன்பு மிகுதியாக இருந்தன. 2013இல் இணைய வாக்கெடுப்பில் இஸ்திரிப்பெட்டி நீங்கிப் பூனை வந்தது. 2017இல் விரலுறை, பூட்ஸ், தள்ளுவண்டி மூன்றும் போய் டைனோசர், பென்குயின், ரப்பர் வாத்து இடம்பிடித்தன.