கட்டுமரம் கடல் கடந்த கதை

செய்தித்தாள் வாசகர் பலருக்கு எக்கியார்குப்பம் என்ற பெயர் 2023 மே மாதத்து நச்சுச் சாராயச் சாவுகளின்போதுதான் தெரியவந்திருக்கும். மரக்காணத்து உப்பளங்களுக்கு அப்பால், கடலோரமாக உள்ள மீனவர் ஊர் அது. நமக்கு அவ்வூர் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அறிமுகம். அதுவும் சற்று நகைப்புக்குரிய முறையில். முதுகலை பயின்றுகொண்டிருந்த நாம், நெய்தல் திணையைக் கசடறக் கற்றுவிட்ட துணிவில், கரையோரம் மிதந்த கட்டுமரம் ஒன்றில் ஏறி அமர்ந்தோம். முதல் அலை செருப்பைக் கொண்டுபோயிற்று. இரண்டாம் அலை நம்மையே கொண்டுபோயிற்று. கட்டுமரமோ ஒன்றும் நடவாததுபோல் மிதந்துகொண்டிருந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வாத்தியாருக்குப் படிக்கிற புள்ள, மரத்துமேல ஒக்காரத் தெரியலியே" என்றார். அன்று அவருடன் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நாம் பட்ட பாடு சிறிது. அந்தக் கட்டுமரத்தின் பெயர் கடல் கடந்து போய்ப் பட்ட பாடு பெரிது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கட்டுமரம் என்பதற்கு உரை வேண்டுவதில்லை. கனமற்ற மரத்துண்டுகள் சிலவற்றை அருகருகே வைத்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவே. அதற்கு உட்குழிவு இல்லை. ஆகவே நீர் புகுந்து மூழ்குமோ என்ற அச்சமும் இல்லை. கவிழ்ந்தால் புரட்டிவிட்டு மறுபடியும் ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைக்கலாம். நீரை உள்ளே விடாதிருப்பது மற்ற கலங்களின் கவலை. நீரை வந்த வழியே போகவிடுவது இதன் தந்திரம்.

இக்கரைக்கும் கட்டிய மரங்களுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடலின் பெரிபுளூஸ்' இக்கடற்கரைத் துறைமுகங்களுள் ஒன்றாகச் 'சோபட்மா'வைக் குறிப்பிடுகிறது. சோ என்பது அரண், எயிலும் அதுவே. ஆகவே சோபட்மாவும் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் ஒன்றே, அது இன்றைய மரக்காணமே என்று கொள்ளும் அறிஞர் உளர். அதே பகுதியில், ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெரிய கலங்களைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. இச்சொல்லைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம்.

ஆங்கிலத்துக்கு நம் சொல்லை அறிமுகப்படுத்தியவர்களுள் ஒருவர் வில்லியம் டாம்பியர். கடற்கொள்ளையரோடு திரிந்து, 1690-இல் சென்னைக் கோட்டைக்கும் வந்து போனவர். 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அவர் ஓரளவு சரியாகவே விவரித்திருக்கிறார். அமர்ந்திருப்பவனின் காலும் பின்புறமும் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும் என்பதையும் மறவாமல் எழுதினார். அனுபவித்தவன் என்ற முறையில் நாம் சான்று பகர்கிறோம்.

பின்வந்தோர் எல்லாரும் அவ்வளவு நிதானமாகப் பார்க்கவில்லை. சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சின. கரையிலிருந்து கடிதங்களை ஓலைத்தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு கட்டுமரக்காரர்களே முதலில் அலை கடந்து செல்வர். பயண நூல்களில் வழங்கும் கதை ஒன்றுண்டு. புதிதாக வந்த கப்பலொன்றின் அதிகாரி விடியற்காலையில் கரைப்பக்கம் நோக்கினாராம். இரண்டு கரிய பேய்கள் கடல்மேல் நின்று சிலம்பம் ஆடுவதைக் கண்டு, பெரும்புயல் வருவதற்கு இது குறியெனக் குறிப்பேட்டில் எழுதிவிட்டாராம். மரம் நீரோடு நீராகக் கிடந்ததால் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தவை இரண்டு ஆட்களும் இரண்டு துடுப்புகளும்தாம். கதை மெய்யோ பொய்யோ, அக்கலத்தை இதைவிடச் சுருக்கமாக வருணிக்க இயலாது.

அதன்பின் சொல் தனியே பயணப்படத் தொடங்கிற்று. பொருள் கரையிலேயே தங்கிவிட்டது. 1804 அக்டோபரில், இங்கிலாந்தின்மேல் படையெடுக்க பூலோன் துறையில் திரண்டிருந்த நெப்போலியனின் படகுகளை அழிக்க ஆங்கிலேயர் ஒரு புதுக்கருவியை ஏவினர். ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் வகுத்தது அது. ஈயத்தகடு பொதிந்த நீண்ட மரப்பெட்டி. உள்ளே வெடிமருந்தும் கடிகாரப் பொறியும். இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கேட்டமரான்'. ஒரு சிறு பிரெஞ்சுப் படகும் அதிலிருந்தோரும் அழிந்ததன்றிப் பெரும்பயன் ஏதும் விளையவில்லை. பேரொலி கேட்டது, பகைவரின் கலங்களில் பெரும்பாலானவை விடிந்தபின்னும் அங்கேயே நின்றன. இலண்டனில் எள்ளல் மிகுந்தது. மீன் பிடிக்கும் மரம் வெடிகுண்டாகி, வெடிக்காத குண்டென்ற பெயரும் வாங்கிக்கொண்டது.

அத்தோடு விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் 'கேட்டமரான்' என்றால் ஓயாமல் சண்டையிடும் பெண்பிள்ளை. சொல்லின் முன்பாதியில் பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒலிப்பதே காரணம் என்று ஊகிக்கலாம். இலக்கணநூலார் இதை எந்த ஆகுபெயருள் அடக்குவரோ, அறியோம்.

கடைசியாக வந்தது அமெரிக்கா. 1876 ஜூனில் நியூயார்க்கில் நடந்த பாய்மரப் போட்டிக்கு நத்தானியல் ஹெரஷாஃப் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர் 'அமரில்லிஸ்' என்ற படகைக் கொண்டுவந்தார். இரண்டு ஒடுங்கிய உடல்கள், இடையே ஒரு மேடை. எல்லாவற்றையும் முந்திச் சென்றது. தோற்றவர்கள் கூடி, இது படகே அன்று என்று முறையிட்டுப் பரிசு கிடைக்காமல் செய்துவிட்டனர். பரிசு போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று உலகெங்கும் கேட்டமரான் என்றால் இரட்டை உடல் கொண்ட கலமே. 1990-இல் அவ்வகைக் கப்பலொன்று அட்லாண்டிக் பெருங்கடலை மூன்று நாள் எட்டு மணிக்கும் குறைவான நேரத்தில் கடந்து கோப்பை வென்றது. அலுமினியத்தால் ஆன அக்கப்பலில் கட்டியதும் இல்லை, மரமும் இல்லை.

இரட்டைப் படகுக்கு நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? இரண்டு தோணிகளை இணைத்து மேலே தளம் அமைத்த கலத்துக்குச் சங்கடம் என்று பெயர், மலையாளத்தில் சங்ஙாடம். பெரிபுளூஸின் 'சங்கரா' இதன் உறவாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. இச்சொல்லைப் போர்த்துகீசியர் 'ஜங்காடா' என்று எடுத்துச் சென்றனர். பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரையில் இன்றும் ஜங்காடா உண்டு. ஆனால் அது இரட்டைப் படகன்று. மீனவர் கனமற்ற மரங்களைப் பிணைத்துப் பாய் விரித்துச் செல்லும் மிதவை. சுருங்கச் சொன்னால், அச்சு அசலாக நம் கட்டுமரம்! ஆங்கிலேயர் கட்டுமரத்தின் பெயரை இரட்டைப் படகுக்கு இட்டனர். போர்த்துகீசியர் வழியே இரட்டைப் படகின் பெயர் கட்டுமரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே கடலில் இறங்கிய இரு சொற்கள் ஒன்றின் சட்டையை மற்றொன்று மாற்றி அணிந்து, வெவ்வேறு கரைகளில் ஏறியிருக்கின்றன.

இதனை வகுப்பில் சொல்வதற்காக மாணவர்களிடம், கரும்பலகையில் ஒரு கட்டுமரம் வரையுங்கள் என்றோம். வந்த மாணவர் இரண்டு உடல்களை வரைந்து நடுவே ஒரு தளமும் போட்டார். கடலூர்ப் பக்கத்துப் பிள்ளை; அவருடைய பாட்டனார் மீனவர். அன்றைக்கு நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே எக்கியார்குப்பம் போனோம். 2004 சுனாமிக்குப்பின் உதவியாக வந்து குவிந்தவை ஃபைபர் படகுகள். இக்கரை நெடுகிலும் அவையே நிற்கின்றன. இயந்திர வேகம் வேண்டும், தொலைவு போக வேண்டும். மரத்தில் குந்தியிருந்து இனி யார் பிழைப்பது என்று அவர்கள் கேட்பதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. படகு நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் கைப்பேசியில் இரட்டை உடல் கப்பலின் படத்தைக் காட்டி, வெளிநாட்டில் இதைத்தான் கட்டுமரம் என்கிறார்கள் ஐயா என்றோம். வாங்கி, வெயிலுக்குக் கை மறைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுல கட்டு எங்க வாத்தியாரே? மரம் எங்க?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.