ஃபுக்கரின் கடனும் லூதரின் கடிதமும்

இங்கே நாக்பூரில் எங்கள் குடியிருப்பில் தரங்கம்பாடிக்காரர் ஒருவர் இருக்கிறார். லூத்தரன் சபை. அவர் மனைவி வேளாங்கண்ணிப் பக்கம், கத்தோலிக்கர். அவர் 'கிருபை' என்பார், அந்த அம்மா 'அருள்' என்பார். ஒருநாள் லிஃப்டில், "சார், எங்க வீட்டுச் சண்டையே ஒரு பேங்க் லோன்ல ஆரம்பிச்சது தெரியுமா?" என்று கேட்டார். கடன் என்றால் நம்ம டிபார்ட்மெண்ட் ஆச்சே, தேடிப் படித்தேன் :-)

1514. ஜெர்மனியில் மாக்டபர்க் பேராயராக இருந்த ஆல்பிரெக்டுக்கு மைன்ஸ் பேராயர் பதவியும் வேண்டும். வயது 24 கூட ஆகவில்லை. விதிப்படி வயதும் போதாது, இரண்டு பதவியும் கூடாது. ரோமுக்குப் பெரிய தொகை கட்டினால் விலக்கு உண்டு. ஆக்ஸ்பர்க் நகரத்து வங்கியாளர் யாக்கோப் ஃபுக்கர் கடன் கொடுத்தார்.

திருப்பிக் கட்ட வழி? நம் பள்ளிப் புத்தகங்கள் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று சொல்லும் சங்கதிதான். (சரியாகச் சொன்னால், அது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைப்பது. விற்கும்போது யார் இதையெல்லாம் விளக்கினார்கள்!) போப் பத்தாம் லியோவின் அனுமதியோடு டெட்செல் என்ற துறவி ஊர் ஊராகப் போனார். வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட, பாதி ஃபுக்கர் கடனுக்கு. ஃபுக்கரின் ஆட்களும் கூடவே போனார்கள். செத்துப்போன அப்பா அம்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படுகிறார்களே என்ற ஜனங்களின் கவலைதான் இந்தக் கடனுக்கு ஈடு.

1517 அக்டோபர் 31-ல் மார்ட்டின் லூதர் தன் 95 கருத்துகளை இதே ஆல்பிரெக்டுக்குத்தான் அனுப்பினார். கோயில் கதவில் ஆணியடித்தாரா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் இன்னும் தகராறு.

ஆனால் லூதரின் கவலை பணத்தோடு நிற்கவில்லை. துறவியாக உபவாசம் இருந்தும், மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தும், கடவுளோடு கணக்கு நேரானதாக அவருக்குத் தோன்றவே இல்லை. ரோமர் நிருபத்தைப் படித்துப் படித்து ஒரு முடிவுக்கு வந்தார்: கடவுளின் நீதி நாம் கட்ட வேண்டிய பில் அல்ல, அவரே இலவசமாகத் தருவது. விசுவாசம் அதை வாங்கிக்கொள்ளும் கை. நற்செயல்கள் அதற்குப் பின்னால் வரும்.

டெபிட், கிரெடிட் பார்த்தே வளர்ந்த எனக்கு இது லேசில் பிடிபடவில்லை. கடன் தள்ளுபடி என்று வைத்துக்கொண்டேன். தள்ளுபடியில் நஷ்டம் மறைந்துவிடாது, யாராவது ஒருவர் தலையில் ஏறும். அதைச் சிலுவையில் கிறிஸ்து ஏற்றுக்கொண்டார் என்பதுதான் அவர்கள் சொல்வது.

ஃபுக்கர் கதை இன்னும் சுவாரசியம். ஆக்ஸ்பர்க்கின் ஏழைகளுக்காக வீடுகள் கட்டி, 1521-ல் சாசனம் எழுதினார். ஃபுக்கரை என்று பெயர். வாடகை வருஷத்துக்கு ஒரு கில்டர், இன்றைய கணக்கில் 88 சென்ட். கூடவே ஒரு நிபந்தனை: குடியிருப்பவர்கள் தினமும் அவர் குடும்பத்துக்காக மூன்று ஜெபம் சொல்ல வேண்டும். ராஜாக்களுக்கே கடன் கொடுத்த மனிதருக்குத் தன் கணக்கு மட்டும் நிச்சயமில்லை போலும்.

அதே ஆக்ஸ்பர்க்கில், 1999 அக்டோபர் 31-ல், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது நம் தகுதியால் அல்ல, கிருபையால், கிறிஸ்துவின் மேல் வைக்கும் விசுவாசத்தால் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 482 வருஷம் ஆகியிருக்கிறது!

லிஃப்ட்காரரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியுமாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அந்த அம்மா மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது, இவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். முன்பெல்லாம் வாசலிலேயே நிற்பாராம். இப்போது உள்ளே போய் ஒன்று ஏற்றிவிட்டும் வருகிறாராம்.