கருணை செய்த பிழை

இண்டர்மீடியட் வகுப்பிலிருந்தே கணக்குக்கும் எனக்கும் ஆகாது. ஆனாலும் ஒரு கணக்குக் கதை வெகு நாளாய் என் மனத்தைக் குடைந்துகொண்டிருக்கிறது.

இரண்டு கூட்டத்தாரின் சராசரிகள் வேறுபடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேற்றுமை மெய்யா, தற்செயலா? "உண்மையில் வேற்றுமையே இல்லை" என்று முதலில் ஒப்புக்கொண்டு, "அப்படியானால் இவ்வளவு இடைவெளி தற்செயலாய் நேருமா?" என்று கேட்பார்கள் கணித நிபுணர்கள். மிக அரிதாகத்தான் நேரும் என்று தெரிந்தால், வேற்றுமை மெய்யென்று கொள்வார்கள். சொற்ப எண்ணிக்கையைக் கொண்டே சராசரியை எடைபோட 1908-ல் வழி கண்டவர் வில்லியம் கோசெட். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மது ஆலையில் உத்தியோகம். ஆலையின் கட்டுப்பாட்டால் 'ஸ்டூடண்ட்' என்ற பெயரில் எழுதினார். புனைபெயர் எங்களைப் போன்ற கதைக்காரர்களின் தனிச் சொத்தல்ல, பாருங்கள்!

1930-ல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயரில் 67 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. 10,000 பிள்ளைகளுக்கு நான்கு மாதம் தினமும் முக்கால் பைண்ட் பால். வேறு 10,000 பேருக்கு இல்லை. முடிவில், பால் குடித்தவர்களே அதிகம் வளர்ந்திருந்தார்கள். ஊரே மகிழ வேண்டியதுதானே?

1931-ல் ஸ்டூடண்ட் குறுக்கே வந்தார். பால் பெறாத பிள்ளைகள் தொடக்கத்திலேயே எடையில் சுமார் 3 மாத வளர்ச்சியும் உயரத்தில் 4 மாத வளர்ச்சியும் முந்தியிருந்தார்களே, அது எப்படி? சீட்டுக் குலுக்கியோ அகர வரிசைப்படியோ பிரித்த பிறகு, ஒரு பக்கத்தில் புஷ்டியான பிள்ளைகளோ நோஞ்சான்களோ மிகுந்திருந்தால் ஆள் மாற்றிக்கொள்ள உபாத்தியாயர்களுக்கு அனுமதி இருந்தது. ஏழைப் பிள்ளையைப் பால் வரிசையில் நிறுத்த அவர்கள் கை தானாகவே நீண்டிருக்கும் என்று அவர் ஊகித்தார்.

இன்னொன்று: குளிர்காலத்திலும் கோடையிலும் பிள்ளைகளை உடுப்போடு நிறுத்தார்கள். வசதியுள்ள பிள்ளை கோடையில் கனத்த உடுப்பைக் களைவான். அந்த அளவுக்கு எடை குறையும். ஏழைப் பிள்ளைக்குக் களைய என்ன இருக்கிறது? ஆகவே அவன் அதிகம் வளர்ந்ததாகத் தராசு சொல்லும்!

இருபதாயிரம் பேர் எதற்கு, உருவொத்த இரட்டையர் 50 ஜோடி இருந்தால் இதைவிடத் தெளிவாகத் தெரியுமே என்றார் ஸ்டூடண்ட்.

அந்த உபாத்தியாயர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால், பாலால் எவ்வளவு நன்மை என்று திட்டமாய்த் தெரிந்திருந்தால் எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வழி திறந்திருக்கும்! கண்ணெதிரே நின்ற பிள்ளைக்கு இரங்கிய மனம், கண்ணில் படாத பிள்ளைகளை மறந்துவிட்டது. சீட்டுக் குலுக்குவதிலும் ஒரு கருணை உண்டு என்பதை ஒரு கணக்கர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.