மூன்று கடவுளர், ஒரே காணிக்கைப் பட்டியல்

1911-இல் இலங்கையின் காலி நகரில், கிரிப்ஸ் சாலையோரத்து வடிகாலுக்கு மூடியாகக் கிடந்த கற்பலகை ஒன்று பொறியாளர் ஒருவரின் கண்ணில் பட்டது. எழுத்துள்ள முகம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. புரட்டிப் பார்த்தால் வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், அதன்கீழ் பாரசீகம். மிங் பேரரசர் யோங்லேயின் பெயரால் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. அதில் பொறித்த நாள் 1409 பிப்ரவரி 15-க்குச் சரியாக வருகிறது.

மூன்று மொழியும் ஒரே கடவுளைத்தான் பாடுகின்றனவா என்பதே நான் விடை தேடிய கேள்வி.

முதலில் எடுத்தது, 1913-இல் 'ஸ்போலியா சைலானிக்கா' இதழில் எட்வர்ட் பெரேரா எழுதிய கட்டுரை. அதில் சீனப் பகுதியை மொழிபெயர்த்தவர் எட்மண்ட் பேக்ஹவுஸ் என்றிருந்ததும் எனக்குத் திக்கென்றது. பீக்கிங்கில் வாழ்ந்த இந்த ஆங்கிலேயர் போலி ஆவணங்களுக்குப் பேர்போனவர். 1976-இல் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் ஒரு புத்தகமே எழுதி அவருடைய வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றினார். அப்படிப்பட்டவர் 'புத்தருக்குக் காணிக்கை' என்று சொன்னால் எப்படி நம்புவது?

சாட்சி அதே கல்லில் இருந்தது. தமிழ்ப் பகுதியை வாசித்து 'எபிகிராஃபியா சைலானிக்கா' மூன்றாம் தொகுதியில் வெளியிட்டவர் பரணவிதான. சீனத்திலும் தமிழிலும் உள்ள காணிக்கைப் பட்டியல்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பொன் 1000, வெள்ளி 5000, பலநிறப் பட்டு, விளக்குத்தண்டுகள், வாசனை எண்ணெய் என்று ஏறக்குறைய வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. பேக்ஹவுஸ் இந்த ஒரு வேலையில் யோக்கியமாகத்தான் நடந்திருக்கிறார். செங் ஹேயோடு வந்த தூதரை மட்டும் வாங் சிங்லியான் என்றார். பின்வந்த சீன அறிஞர்கள் அதை வாங் குய்தோங் என்று திருத்தினார்கள்.

பட்டியல் ஒன்றுதான், பெறுகிறவர்தான் வேறு. சீனப் பகுதி, கடல்வழியில் தூதர்களைக் காத்த புத்தருக்கு நன்றி சொல்கிறது. தமிழ்ப் பகுதியில் காணிக்கை தேனவரை நாயினாருக்கு. அதாவது தென்முனையில், இன்றைய தெவிநுவரவில், விஷ்ணுவாக வணங்கப்பட்ட தெய்வம். சிங்கள பௌத்தர்கள் அவரை உபுல்வன் என்றார்கள். 1344-இல் அங்கே போன இப்னு பதூதா, ஆளுயரப் பொற்சிலையையும் அதன் மாணிக்கக் கண்களையும் இரவுதோறும் ஆடிப்பாடும் பெண்களையும் எழுதிவைத்திருக்கிறார். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துபோனது. எஞ்சிய வரிகளில் காணிக்கை இஸ்லாத்துக்குப் போகிறது.

இதைக் காட்டி 'எம்மதமும் சம்மதம்' என்று மேடைகளில் முழங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூவரும் ஒருவரே என்று கல் எங்கும் சொல்லவில்லை. தமிழ் மட்டும் தெரிந்த வணிகர் படித்தால், பேரரசர் தம் நாயினாரை மட்டும் தேடி வந்ததாகவே நினைத்திருப்பார். துறைமுகத்துச் சமூகம் ஒவ்வொன்றுக்கும் அதனதன் தெய்வத்தின் பெயரால் மரியாதை செய்வது என்பது ராஜதந்திரக் கணக்கு. அதே செங் ஹேதான் இலங்கை ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்து, 1411-இல் பேரரசர் முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஆனாலும் வெறும் தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. செங் ஹே யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1431-இல் சீனக் கரையில் சாங்லேயில் அவர் நட்ட கல்லோ, கடல் தெய்வமான தியான்ஃபெய் அம்மனுக்கு நன்றி சொல்கிறது. அதைப் படிக்க இலங்கையில் யாரும் இல்லை. அங்கே யாரையும் வளைத்துப்போட வேண்டிய தேவையும் இல்லை. புயலில் மாட்டிய மாலுமி எந்தத் தெய்வத்தையும் பகைத்துக்கொள்ள மாட்டான் என்பதுதான் என் முடிவு.

தேனவரைக் கோயிலைப் போர்த்துகீசியர் 1588-இல் இடித்துவிட்டார்கள். கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் சீன எழுத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், இடப்புறம் மேலே உள்ள தமிழையும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வாருங்கள்.