கோர்ட் விட்டாலும் ஆட்டம் விடாது

1919 பேஸ்பால் உலகத் தொடரில் காசு வாங்கிக்கொண்டு தோற்றதாக, சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர்மீது பழி விழுந்தது. 1921 ஆகஸ்ட் 2 அன்று, விசாரணைக்கு வந்தவர்களை ஜூரி விடுவித்தது. மறுநாளே கமிஷனர் லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். கோர்ட் விட்டாலும் ஆட்டம் விடாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து நம்மூரிலும் அதே கதை. 2013 மே 16 அன்று ஸ்ரீசாந்த் உட்பட ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவரை டெல்லி போலீஸ் கைது செய்தது. குற்றச்சாட்டு மேட்ச்சைத் தோற்றதாக அல்ல. சொன்ன ஓவரில் சொன்ன அளவு ரன் கொடுக்க ஒத்துக்கொண்டதாக. இடுப்பில் செருகிய துண்டுதான் புக்கிக்கு சிக்னல் என்றது போலீஸ். 2015 ஜூலை 25இல் டெல்லி கோர்ட் மூவரையும் விடுவித்தது. ஆனால் கிரிக்கெட் வாரியம் ஸ்ரீசாந்தின் தடையை விலக்கவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஆயுள் தடை ஏழு வருஷமாகக் குறைந்தது.

சென்னையின் கதை வேறு. சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன் பெட் கட்டினார் என்றது முத்கல் குழு. ஃபிக்ஸிங் செய்ததற்கு ஆதாரமில்லை என்றும் சொன்னது. லோதா குழு அவருக்கு ஆயுள் தடையும், சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருஷத் தடையும் விதித்தது. பெட் கட்டியது நிர்வாகத்து ஆள். இரண்டு சீசன் காணாமல் போனது அணி.

மேட்ச் ஃபிக்ஸிங்கையே குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் போலீஸ் மோசடிப் பிரிவைத் தேடிப் போகிறது. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம், ஃபிக்ஸிங் அந்தப் பிரிவுக்குள் வராது, நடவடிக்கை எடுக்க வேண்டியது வாரியம்தான் என்றது.

செண்பகத்தோப்பு போகும் வழியில், தென்னந்தோப்பு ஓரம் நாங்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவோம். பந்தயம் ஆளுக்கொரு கூல்டிரிங்ஸ், அவ்வளவுதான். அங்கேகூடக் கடைசி ஓவரில் கேட்ச் விட்டவனைப் பார்த்து "என்னடா, செட்டிங்கா?" என்பார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலி 2013க்குப் பிறகுதான் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது.

2018இல் சென்னை திரும்பி வந்தது. காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது ரசிகர்கள் ரயிலேறிப் பின்னாலேயே போனார்கள், கோப்பையும் வந்தது. பாசம் திரும்பிவிட்டது, நம்பிக்கை அப்படித் திரும்பவில்லை. இன்றைக்கும் வெயிலில் கண் கூசி, நிஜமாகவே கேட்ச்சைக் கோட்டைவிடும் ஒரு பையன் தன்னை நிரூபிக்க எந்த கோர்ட்டுக்கும் போக முடியாது. ஃபிக்ஸிங்கின் தண்டனையை அவன்தான் இன்னும் அனுபவிக்கிறான்.